ஐந்தாவது மேட்னி

நாலு டிக்கெட்டுகளையும் மருந்துக்கடை மேஜைமேல் வரிசையாக அடுக்கி, சின்ன மருமகள் இன்னொரு தடவை பார்த்தாள்.

நேற்றுத் துவைக்கப் போட்ட சட்டைப் பையிலிருந்து விழுந்தவை. நாலும் ஒரே தியேட்டர், ஒரே மேட்னி, ஒரே படம். எட்டாவது வரிசை, ஓரத்து இருக்கை. படத்தின் பெயர் ‘தண்ணி வர்ற நேரம்’.

சட்டை யாருடையது என்பதில்தான் வில்லங்கமே. அது மாமனாருடையது.

பஸ்ஸில் முப்பத்தொரு வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரைச் செக்கர் என்றுதான் கூப்பிடும். சினிமா என்றால் அவருக்கு எட்டிக்காய். “இருட்டுல மூணு மணி நேரம் உக்காந்து யாரோ அழறதைப் பாக்கணுமா?” என்று சொல்லிச் சொல்லியே வீட்டில் எல்லாரையும் அடக்கி வைத்திருந்தார்.

அப்பேர்ப்பட்ட மனுஷர் பத்து நாளாக, ஒருநாள் விட்டு ஒருநாள், மத்தியானம் சாப்பிட்டதும், “லைப்ரரிக்குப் போயிட்டு வர்றேம்மா” என்று கிளம்புகிறார். சாயங்காலம் கண் சிவந்து திரும்புகிறார். கேட்டால் பேப்பர் படித்துப் படித்துக் கண் எரிகிறதாம். இவளும் நம்பி, கடையிலிருந்து சொட்டு மருந்து கொண்டுபோய்க் காலையும் மாலையும் இரண்டு சொட்டு விட்டாள். அவரும் கமுக்கமாக அண்ணாந்து போட்டுக்கொண்டார்.

இந்தக் குடும்பத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குப் பழைய கதை தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டே வரி. செக்கருடைய மூத்த மகன் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு ஏழு வருஷமாகிறது. அக்கரைக்காரர்கள் என்றால் செக்கருக்கு ஆகாது. ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. அவருடைய அப்பாவுக்கு ஆகாது, அதனால் இவருக்கும் ஆகாது. “இந்த வாசப்படியை மிதிக்காதே” என்று சொல்லி மகனை அனுப்பிவிட்டார். சின்ன மகன், அதாவது நம் சின்ன மருமகளின் கணவன், லிஃப்ட் மெக்கானிக். அப்பா கிழித்த கோட்டைத் தாண்டாதவன். அப்பா பேசவில்லை; அவனும் அண்ணனோடு பேசவில்லை.

அன்று வியாழக்கிழமை. கடை முதலாளியிடம் தலைவலி என்று சொல்லி அரைநாள் லீவு வாங்கினாள்.

“மருந்துக்கடையில இருந்துக்கிட்டே தலைவலிக்கு லீவா?” என்றார் முதலாளி.

“இந்தத் தலைவலிக்கு இங்க மருந்து இல்ல சார்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

தெருமுனையிலிருந்து மாமனாரின் பின்னாலேயே போனாள். அவர் பஸ் ஏறினார். இவள் பின்வாசலில் ஏறினாள். அவர் இறங்கினார், இவள் ஒரு பெரிய உடம்புக்காரரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து இறங்கினாள். அவர் டிக்கெட் வாங்கி உள்ளே போனதும் ஐந்து நிமிஷம் பொறுத்து, பத்தாவது வரிசையில் ஒரு இருக்கை வாங்கிக்கொண்டு இருட்டில் தடவித் தடவிப் போய் உட்கார்ந்தாள். முன்னால், இரண்டு வரிசை தள்ளி, எண்ணெய் வைத்து வாரிய அந்த அரைவழுக்கைத் தலை.

மாமனாரைக் கண்காணிக்கத்தான் வந்தாள். ஆனால் அரைமணி நேரத்தில் அவரையே மறந்துபோனாள்.

படத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே தெருத் தெருவாகப் போய்க் குழாய்க்குத் தண்ணீர் திறந்துவிடுகிற ஒருவன். தோளில் ஆளுயர இரும்புச் சாவி. ஊருக்கே வேண்டியவன். சுருதி சேராமல் பாடுவான், எல்லார் வீட்டுக் கதையும் தெரியும், படுத்த படுக்கையாகக் கிடக்கும் கிழவருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டுபோய் வைப்பான். தியேட்டரே அவனைப் பார்த்துச் சிரித்தது. இவளும் சிரித்தாள்.

எல்லாத் தெருவுக்கும் நேரத்துக்குத் திறப்பான். கடைசித் தெருவுக்கு வந்ததும் மட்டும் சாவியைக் கீழே வைத்துவிட்டு உட்காருவான். ஒருநாள் செருப்பில் கல்லை எடுப்பான். ஒருநாள் டீ குடிப்பான். இன்னொரு நாள் நாய்க்குக் காது சொறிந்துவிடுவான். அப்புறம் எழுந்து திறப்பான்.

முதல் தடவை அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. மூன்றாவது தடவைதான் சுருக்கென்றது. தினமும் பத்து நிமிஷம். அந்தத் தெருவுக்கு மட்டும். மூடுகிற நேரம் மாறாது. ஆக அந்தத் தெருவின் தண்ணீரில் தினம் பத்து நிமிஷத்தை அவன் பிடித்து வைத்துக்கொள்கிறான்.

படத்தில் யாரும் அதைச் சொல்லவில்லை. பின்னணி இசை கூட இல்லை. அவன் அந்தத் தெருக்காரர்களைத் திட்டுவதில்லை. பார்த்தால் சிரிக்கிறான் கூட. அந்த நடிகர் அந்தப் பத்து நிமிஷமும் உட்கார்ந்திருந்த விதம்தான் அவளை உலுக்கியது. தப்புச் செய்கிறவன் முகமே இல்லை அது. பல் தேய்ப்பது போல, தலை வாருவது போல, நாள்தோறும் செய்கிற காரியத்தைச் செய்கிறவனின் முகம். ‘இவ்வளவு நேரம் இவனைப் பார்த்தா சிரித்தோம்?’ என்று அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

இடைவேளை விளக்கு எரிந்தது. அவள் அவசரமாகக் குனிந்து, கைப்பையில் எதையோ தேடுவது போல் முகத்தை மறைத்தாள்.

“முன்னாடி வாம்மா. அப்படிக் குனிஞ்சே உக்காந்தா கழுத்து வலிக்கும்.”

செக்கர் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார்.

“மாமா… எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“பஸ் ஸ்டாப்லயே. முப்பத்தொரு வருஷம் பதுங்குறவங்களைப் புடிச்சதுதானே என் பொழப்பு? அந்தத் தடி ஆளுக்குப் பின்னாடி நீ எறங்கினதைப் பாத்தா, டிக்கெட் எடுக்காம வந்தவ மாதிரியே இருந்தது.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். டீ விற்கிறவர் வந்தார். அஞ்சு தடவை வந்ததில் அவரோடு நல்ல பழக்கமாகியிருந்தது போல.

“இன்னிக்கு ரெண்டு டீயா சார்? யாரு இது, மகளா?”

“சின்ன மருமக” என்றார் செக்கர்.

டீ கையில் சுட்டது கூட அவளுக்குத் தெரியவில்லை. கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் அவர் அவளை யாரிடமும் ‘மருமக’ என்றுதான் சொல்வார். ‘சின்ன’ என்று சொன்னால் பெரியவள் ஒருத்தி இருக்கிறாள் என்றாகிவிடும் அல்லவா? நாம் இந்தக் கதையில் அவளைச் சின்ன மருமகள் என்று சொல்லி வருகிறோமே தவிர, அந்த வீட்டில் அந்தச் சொல் இதுவரை ஒலித்ததில்லை.

விளக்கு அணைந்தது.

படத்தில் அவனுடைய மகள் கடைசித் தெருப் பையனைக் கட்டிக்கொண்டு அங்கேயே போய்விடுகிறாள். அவன் பேச்சை விட்டான். பத்து நிமிஷத்தை விடவில்லை. ஒருநாள் காலையில் மூடுகிற நேரத்துக்குச் சாவியோடு தெருக்கோடியில் நின்று பார்க்கிறான். வரிசையில் மகள். அவள் குடத்தைக் குழாயடியில் வைக்கிறாள், தண்ணீர் நின்றுபோகிறது. மகள் கத்தவில்லை. அவன் நிற்கிற பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். குடத்தைக் கவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

பக்கத்து இருக்கையில் செக்கர் கைக்குட்டையை எடுத்தார். ஐந்தாவது தடவை பார்ப்பவர்!

மறுநாள் அவன் நேரத்துக்குத் திறக்கிறான். நன்றி சொல்ல யாராவது வருவார்கள் என்று நிற்கிறான். வரிசையில் முதலில் நின்ற பெண் குடத்தை வைத்தபடியே கேட்கிறாள்: “என்ன, இன்னிக்குத்தான் உங்க கடிகாரம் சரியாச்சா?”

அவ்வளவுதான் வசனம். இத்தனை வருஷமும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

அதற்குமேல் சின்ன மருமகளால் தாங்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கடைசியில் அவன் வீட்டிலிருந்து ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு போய் அந்த வரிசையின் கடைக்கோடியில் நிற்கிறான். யாரும் அவனை விரட்டவில்லை. யாரும் வழி விடவும் இல்லை. அவன் மகள் நாலு பேருக்கு முன்னால் நிற்கிறாள், திரும்பவே இல்லை. அத்தோடு திரை இருண்டது.

அவனைத் திட்டித் தீர்த்துக் கைதட்டு வாங்கியிருக்கலாம். ஒரு மழையைப் பெய்ய வைத்து, மகள் காலில் விழவைத்து எல்லாரையும் சிரித்த முகமாக வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். எடுத்தவர் இரண்டையும் செய்யவில்லை. அவனை மன்னித்துவிடவும் இல்லை, தூக்கி எறியவும் இல்லை. இந்தா பார், இவன் உன் வீட்டிலும் இருப்பான் என்று காட்டிவிட்டு நகர்ந்துகொண்டார். என்ன துணிச்சல் அது! படம் எடுத்தவரின் பெயர் திரையில் ஓடியபோது அதை அவள் உதடு பிரியாமல் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்தபின் வெளியே சிமென்ட் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

“மொத நாள் எப்படி மாமா வந்தீங்க?”

“லைப்ரரிக்குத்தாம்மா வந்தேன். பூட்டியிருந்தது. வெயிலு. இங்க ஏசி இருக்குன்னு நுழைஞ்சேன். ஒரு தூக்கம் போடலாம்னுதான்.” கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். “அவன் உக்காந்து நாய்க்குக் காது சொறிஞ்சான் பாரு, அப்பத் தூக்கம் போச்சு.”

அவரே தொடர்ந்தார்.

“அவனுக்குப் பத்து நிமிஷம். எனக்கு ரெண்டு தடவை. பஸ்ஸுல எல்லார் டிக்கெட்டையும் ஒரு தடவை பாப்பேன். அக்கரை ஆளுங்கன்னா ரெண்டு தடவை. முன்னாடி ஒரு தடவை, திருப்பிப் பின்னாடி ஒரு தடவை. பின்னாடி என்ன இருக்கும்? வெத்துக் காகிதம்தான். ஒருநாள் ஒரு பொண்ணு. ஒரு கையில குழந்தை, ஒரு கையில மூட்டை, டிக்கெட்டைப் பல்லுல கடிச்சுக்கிட்டு நிக்குது. ஈரமாயிடுச்சு, நம்பர் தெரியலன்னு எறக்கிவிட்டுட்டேன்.”

“நெஜமாவே தெரியலையா?”

“பளிச்சுன்னு தெரிஞ்சது.”

ரோட்டில் ஒரு லாரி இரைந்துகொண்டு போனது.

“அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லலம்மா. எறங்கி, குழந்தையை இந்தத் தோள்லேருந்து அந்தத் தோளுக்கு மாத்திக்கிட்டு நடந்தது. பதினெட்டு வருஷம் ஆச்சு. நான் மறந்தே போயிருந்தேன். அந்தப் படுபாவி நடிகன் ஞாபகப்படுத்திட்டான்.”

அவள் மாமனாரைப் பார்த்தாள். கறாருக்குப் பேர்போனவர், தன் வாயால் தன்னைக் காட்டிக்கொடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் செய்ததை நினைத்தால் கோபம் வந்தது. சொன்னதை நினைத்தால் அவர்மேல் இதுவரை இல்லாத ஒரு மரியாதை வந்தது. இரண்டும் சேர்ந்தே வந்தன.

“பெரியவன் வீடு பாலம் தாண்டி ரெண்டாவது ஸ்டாப்பு. சைக்கிள் கடைக்கு மேல மாடி” என்றார். “நாலு தடவையும் படம் முடிஞ்சதும் அந்தப் பஸ்ல ஏறினேன். பாலத்துக்கு முந்தின ஸ்டாப்ல எறங்கித் திரும்பி வந்துட்டேன். கால் வரலை. இன்னிக்குச் சின்னவன்கிட்டச் சொல்லிட்டுப் போயிடறேன்.”

சின்னவன் ஆறு மணிக்கு வந்தான். கைகால் கழுவி, நகத்திலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தவனிடம் செக்கர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

“அண்ணன் வீட்டுக்குப் போலாம்னு இருக்கேன்.”

துணி அவன் கையில் அப்படியே நின்றது.

“எந்த அண்ணன்?”

“உனக்கு எத்தனை அண்ணன்?”

“எனக்கு அண்ணனே இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க!”

“சொன்னேன். தப்பு.”

நடந்ததைச் சின்ன மருமகள் சொல்லப்போனாள். படம், மேட்னி, தண்ணீர் திறக்கிறவன் என்று நாலு வார்த்தை வருவதற்குள் அவன் வெடித்துவிட்டான்.

“படம் பாத்தீங்களா? படம் பாத்து மனசு மாறிடுச்சா? ரெண்டரை மணி நேரத்துல? அப்ப என் ஏழு வருஷம்? எங்க கல்யாணத்தன்னிக்கு அண்ணன் வந்தான்ப்பா. மண்டபத்து கேட்டுக்கு வெளிய நின்னான். நீல சட்டை. நான் மேடையிலேருந்து பாத்தேன். எறங்கிப் போகணும்னு ஒரு அடி எடுத்து வெச்சேன். நீங்க என் கையைப் புடிச்சீங்க. ‘கேமராவைப் பாருடா’ன்னீங்க. நான் பாத்தேன்!”

சின்ன மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீலச் சட்டைக்காரரை அவளும் பார்த்திருந்தாள். யார் என்று கேட்டதற்கு, “யாரோ வழி தெரியாம வந்தவங்க” என்றுதான் அன்று இவன் சொன்னான்.

“உங்களுக்குப் புடிக்கலைன்னா எனக்கும் புடிக்கக்கூடாதுன்னு கத்துக்கிட்டேன். கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டேன். இப்ப வந்து மறந்துடுன்னா? அழுதா போதுமாப்பா?”

“போதாது” என்றார் செக்கர்.

சமாதானம் சொல்வார், இல்லாவிட்டால் குரலை உயர்த்துவார் என்று அவன் எதிர்பார்த்திருந்தான். துணியை மூலையில் வீசிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான்.

செக்கர் செருப்பை மாட்டினார். “அவன் சொல்றது அத்தனையும் நியாயம். நீ இரு, நான் போயிட்டு வர்றேன்.”

“நானும் வர்றேன் மாமா. இல்லன்னா மறுபடியும் பாலத்துக்கு முன்னாடியே எறங்கிடுவீங்க.”

பஸ் ஸ்டாப்பில் கால்மணி நேரம் நின்றார்கள். அக்கரைப் பஸ் வருகிற வழியாகத் தெரியவில்லை. அப்போது உறுமிக்கொண்டு ஒரு பைக் வந்து அவர்கள் முன் நின்றது. சின்னவன்! முகம் இன்னும் கடுகடுவென்றுதான் இருந்தது.

“பஸ்ஸை நம்பி நின்னா அவனைப் புடிக்க முடியாது. வியாழக்கிழமை நைட் ஷிஃப்ட். ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிடுவான். ஏறுங்க.”

செக்கர் நகரவில்லை. “உனக்கு எப்படித் தெரியும்?”

அவன் கைப்பிடியில் எதையோ சுரண்டினான்.

“டேய். எப்படித் தெரியும்?”

“அவன் வேலை பாக்கற ரொட்டிக் கம்பெனியில சரக்கு லிஃப்ட் ஒண்ணு இருக்கு. அந்த ஏரியா எனக்கு வேணும்னு கேட்டு வாங்கினேன். மாசம் ஒருநாள் போவேன். ரிப்பேரே இருக்காது, சும்மா எண்ணெய் போடுவேன். அவன் ஷிஃப்டுக்கு வரும்போது அந்தப் பக்கமா நடந்து போவான்.”

“பேசுவியா?”

“நீங்கதான் பேசக்கூடாதுன்னீங்களே. பாத்துட்டு வந்துடுவேன்.”

பிறகு செக்கர் தட்டுத்தடுமாறிப் பைக்கின் பின்னால் ஏறினார். எதைப் பிடிப்பது என்று தெரியாமல் கை அந்தரத்தில் அலைந்தது. அவன் எட்டி அந்தக் கையைப் பிடித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டான்.

“நீ பஸ்ல வா” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

அடுத்த ஐந்தாவது நிமிஷம் பஸ் வந்தது. ஜன்னலோரம் இடமும் கிடைத்தது. இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தபோதே பஸ் பாலத்தில் ஏறியது. பாலத்தின் நட்டநடுவில், கைப்பிடிச் சுவர் ஓரமாக அந்தப் பைக் நின்றிருந்தது. செக்கர் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சின்னவன் ஆற்றைப் பார்த்துக் குனிந்து நின்றான். அவன் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

“நிறுத்துங்க! நான் எறங்கணும்!”

“பாலத்துல நிறுத்த முடியாதும்மா” என்றார் டிரைவர்.

முதல் ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி ஓடலாமா? மணியைப் பார்த்தாள். ஏழாக எட்டு நிமிஷம். இறங்கவில்லை.

இரண்டாவது ஸ்டாப். எதிரே சைக்கிள் கடை. பக்கத்தில் மாடிப்படி. படியடியில் ஒரு பெண் காயப்போட்ட துணிகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். ரோட்டைக் கடந்து நேரே தன்னை நோக்கி வந்தவளைப் பார்த்து அவள் கை நின்றது.

“யாரைப் பாக்கணும்?”

என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தாள். ஒன்றும் வரவில்லை.

“அக்கா” என்றாள்.

அந்தப் பெண் அவளைக் கால் முதல் தலைவரை பார்த்தாள். தோளில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக மறுபடியும் கொடியிலேயே போட்டாள். யார் என்று கேட்கவில்லை.

“தனியாவா வந்தீங்க?”

சின்ன மருமகள் திரும்பிப் பாலத்துப் பக்கம் பார்த்தாள். சைக்கிள்கள் வந்தன, ஒரு வேன் வந்தது. பைக் வரவில்லை.

“இல்லக்கா. வந்துக்கிட்டு இருக்காங்க. வருவாங்கன்னுதான் நினைக்கிறேன். அவர் ஷிஃப்டுக்குப் போகாம கொஞ்சம் இருக்கச் சொல்றீங்களா?”

மாடியில் கதவு பூட்டுகிற சத்தம் கேட்டது. படியில் செருப்புக் காலடி இறங்கத் தொடங்கியது. பெரிய மருமகள் மேலே பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள். பிறகு போய், படியை மறித்துக்கொண்டு நின்றாள்.